மரச்சீனி மூட்டு மண்ணும் அகிம்சையும்

கேரள, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காரக்கோணத்தைச் சுற்றியுள்ள விளைகளில் ஒரு மூடு மரச்சீனியை, அதாவது மரவள்ளியை, பிடுங்கினால் கிழங்கோடு ஒட்டிக்கொண்டு வருகிற செம்மண்ணில் கிராமுக்கு நூறு கோடி வரை பாக்டீரியா இருக்கலாம். உயிரியல் பாடத்தில் இது ஓர் எண்; பிழையில்லாமல் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். சமயத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தால் இதே எண் சங்கடமான கேள்வியாகிவிடுகிறது. உயிர்க்கொலை தகாது என்று ஒருவர் மனதாரச் சொல்கிறார் என்றால், அவருடைய உயிர்க் கணக்கில் இவை சேர்த்தியா, இல்லையா? உலகின் பல இடங்களில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து தங்கள் ஊர் மண்ணில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தின் மரபணுக்களைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வேலையின் முதல் படியைக் கிட்டே நின்று பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். கால் கிராம் மண்ணை விரல் நீளக் குழாயில் இடுகிறார்கள். பொடிப் பொடியான மணிகளும் சோப்புத்தன்மையுள்ள ஒரு கரைசலும் அதில் சேர்கின்றன. குழாயைப் பொறியில் மாட்டிச் சில நிமிடம் அதிவேகமாக உலுக்குகிறார்கள். மணிகள் மோதி செல்களின் சுவர்கள் உடைந்து, உள்ளே இருந்த டி.என்.ஏ. கரைசலில் கலக்கிறது. அந்தக் கால் கிராமில் முடிந்துபோகும் உயிர்கள், கேரளம், தமிழ்நாடு இரண்டின் மக்கள்தொகையையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருக்கக்கூடும். இதை ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பது கல்விதானா, அல்லது கொலையைப் பழக்கப்படுத்துவதா? அகிம்சையைச் சாவுகளின் கூட்டல் கணக்காகப் பார்த்தால் இதற்கு விடையே கிடையாது என்பது என் கருத்து. கவனத்தின் ஒழுக்கமாகப் பார்த்தால், அறிய முடிந்ததை அறியாமல் விடுவதுதான் பெரிய இம்சை. அந்த அறிதல் நியாயமாக வேண்டுமென்றால் மண்ணைத் தோண்டிய கைக்குக் கேள்வி கேட்கும் உரிமையும், தோண்டப்பட்ட ஊருக்கு விடை கேட்கும் உரிமையும் இருந்தாக வேண்டும்.

இதை எந்த ஊரை வைத்தும் கேட்கலாம்தான். காரக்கோணத்தை வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போனது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்தக் கோட்டின் ஓரத்தில் உள்ள இந்த ஊருக்கு இருபுறமும், பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்தில், உயிரைப் பற்றிய இரண்டு பெரிய சிந்தனைகளின் தடம் கல்லில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் சிதறால் மலை. திருச்சாரணத்துமலை என்று கல்வெட்டுகள் சொல்லும் அந்தக் குன்றில் 9-ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், சமணப் பள்ளி இருந்தது. பின்னாளில் பகவதி கோயிலான பிறகும் பாறையில் தீர்த்தங்கரர்கள் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் நெய்யாற்றங்கரையில் அருவிப்புறம். 1888 சிவராத்திரியில் நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுத்திய இடம். நடுவில் காரக்கோணத்திலேயே சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி, ஹோவர்ட் சோமர்வெல் பெயரில். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன அந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர், திரும்பும் வழியில் நெய்யூர் மருத்துவமனையில் காத்துக் கிடந்த நோயாளிகளைப் பார்த்து, தன் லண்டன் எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்கு வந்தவர். இன்னொரு முரணும் இங்கே உண்டு. சமண நெறியில் கிழங்கு விலக்கு. அந்தத் துறவிகள் இருந்த மலையின் அடிவாரமோ பின்னாளில் கிழங்கால் பிழைத்தது. விசாகம் திருநாள் மன்னர் பரப்பிய மரச்சீனி, இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது திருவிதாங்கூரைப் பட்டினியிலிருந்து பெருமளவு காத்தது.

கிழங்கு ஏன் விலக்கு? சமணம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. தொல்காப்பிய மரபியலிலும் ஓரறிவு முதல் ஆறறிவு வரை ஓர் அடுக்கு உண்டு என்பதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். சமணம் அதற்கும் கீழே இறங்கிப் போகிறது. மண்ணையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு என்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் நிகோதம் என்று ஒன்றைச் சொல்கிறது: ஒரே நுண்ணுடலுக்குள் எண்ணிறந்த உயிர்கள் சேர்ந்து பிறந்து, சேர்ந்து மூச்சுவிட்டு, சேர்ந்தே மடிவன. கிழங்குகளில் இவை நிறைந்திருக்கின்றன என்பதால்தான் விலக்கு. இதைக் கேட்டதும் ‘பாக்டீரியாவை நம்மவர்கள் அன்றே கண்டுவிட்டார்கள்’ என்று துள்ளுவோருக்கு நம்மிடையே பஞ்சமில்லை. அது வெறும் வாய்ப்பந்தல். நுண்ணுயிரைக் கண்ணால் கண்டு எழுதியவர் 1670-களில் நெதர்லாந்தில் துணி வியாபாரம் பார்த்த லேவன்ஹுக். நிகோதம் எந்த லென்ஸிலும் தெரிந்ததில்லை. அது வினைக் கொள்கையின் உள்தர்க்கத்திலிருந்து பிறந்தது. உயிர்கள் ஒவ்வொன்றாக வீடுபேறு அடைந்து போய்க்கொண்டே இருந்தும் உலகம் காலியாகாமல் நடக்கிறதென்றால், வற்றாத உயிர்ச் சேமிப்பு எங்கோ இருந்தாக வேண்டும் என்பது அந்தத் தர்க்கம். ஆகவே அதை அறிவியலின் முன்னறிவிப்பாகக் கொண்டாடுவதில் அர்த்தமில்லை. கொண்டாட வேண்டியது வேறு: கண்ணில் படாத ஒன்றுக்கும் என் நடத்தை பதில் சொல்லக் கடமைப்பட்டது என்று ஒரு சமூகம் தன்னைப் பழக்கிக்கொண்டது. அந்தப் பழக்கத்தின் இலக்கணமும் நாம் நினைப்பதைவிட நுட்பமானது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சை என்று சொல்வது உயிர் போவதை மட்டுமல்ல; அசட்டையான நடத்தையால் உயிர் போவதை. துறவிக்கு ஒரு விரதம், இல்லறத்தாருக்கு அதைவிட இளகிய இன்னொரு விரதம் என்று பிரித்தபோதும் இதே கணக்குதான். உழுகிறவன், சமைக்கிறவள், வீடு கட்டுகிறவன் ஓரறிவு உயிர்களைக் கொல்லாமல் ஒரு நாளும் வாழ முடியாது என்று ஒப்புக்கொண்டு, அவர்களிடம் அந்த மரபு கேட்டது கவனத்தை.

இங்கே முதல் மறுப்பு எழும். பாக்டீரியாவுக்கு நரம்பு இல்லை, மூளை இல்லை, வலி இல்லை. வலிக்காத ஒன்றுக்கு அறம் எதற்கு? 1975-இல் விலங்குகளின் விடுதலை பற்றிப் புத்தகம் எழுதிய பீட்டர் சிங்கர் போன்றவர்கள் அறத்தின் எல்லையைத் துன்பத்தை உணரும் திறனில் வைத்தார்கள். கோழிக்கும் பன்றிக்கும் வழக்காட அது நல்ல எல்லை. மண்ணுக்குள் அது செல்லாது என்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். சொல்லப்போனால் சாவு என்ற சொல்லே அங்கே வழுக்குகிறது. இரண்டாகப் பிரியும் பாக்டீரியாவில் எது தாய், எது பிள்ளை, எது செத்தது? 2016-இல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு, மண்ணிலிருந்து எடுக்கப்படும் பாக்டீரியா வகை டி.என்.ஏ.வில் சராசரியாக 40 சதவீதம் உடைந்துபோன, இறந்த செல்களுடையது என்று காட்டியது. நம் கருவி படித்துச் சொல்லும் பெயர்ப் பட்டியலில் இருப்போரும் இல்லாதோரும் கலந்தே இருக்கிறார்கள். ஒரு குழாயில் எத்தனை உயிர் போனது என்ற கேள்விக்கு அறிவியலிடமே நேரான எண் கிடையாது. இதனால் அகிம்சை பொருளற்றுப் போகிறது என்று மறுப்பாளர் முடிப்பார். கூட்டல் கணக்கு மட்டும்தான் பொருளற்றுப் போகிறது என்பேன் நான். சமணத் துறவி நடக்கும் முன் தரையைப் பெருக்கும் மயிற்பீலி எந்த நாளிலும் எத்தனை பூச்சி தப்பியது என்று எண்ணியதில்லை. காலடி வைக்கும் முன் பார் என்பதே அதன் வேலை.

பார்ப்பது என்றால் இன்று என்ன? மருத்துவமனைச் சுவருக்குள் நுண்ணுயிர் என்றாலே எதிரி. அப்படி இருப்பதுதான் அங்கே நோயாளிக்கு நல்லது. சுவருக்கு வெளியே, விளையில், கதை வேறு. செம்மண்ணும் வெட்டுக்கல்லும் கலந்த இந்த நிலம் அமிலத்தன்மை உள்ளது. இதில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு செடிக்கு விடாது. உரமாக மணிச்சத்தைக் கொட்டினாலும் பெரும்பகுதி இப்படித்தான் சிக்கிக்கொள்ளும். மரச்சீனியின் வேர் அத்தனை அடர்த்தியானதும் இல்லை. பிறகு எப்படி அது இந்த மண்ணில் கிழங்கு கிழங்காக வைக்கிறது? வேருக்குள் குடியிருந்தபடி வெளியே மெல்லிய இழைகளை நீட்டும் ஒரு பூஞ்சைக் கூட்டம், வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்துச் செடியிடமிருந்து சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. வேளாண் துறையார் வேர் உட்பூசணம் என்பது இதைத்தான். பயிர்களிலேயே இந்தப் பூஞ்சையை மிக அதிகமாக நம்பியிருப்பவற்றில் மரச்சீனி ஒன்று. பூஞ்சைக்கொல்லியை அளவில்லாமல் ஊற்றும்போதும், மண்ணைத் திரும்பத் திரும்பக் கிளறிப் போடும்போதும், தேவைக்கு மேல் மணிச்சத்து இடும்போதும் இந்தக் கூட்டு நலிகிறது. இவ்வளவும் எவருடைய தீய எண்ணத்தாலும் நடப்பதில்லை. கண்ணில் படாததால் நடக்கிறது. அதனாலேயே தத்துவார்த்த சூத்திரத்தின் இலக்கணத்துக்குள் இது சரியாகப் பொருந்துகிறது. ஆய்வுக் குழாயில் உடையும் கால் கிராம் மண்ணையும், அறியாமல் வருடா வருடம் நலிவிக்கப்படும் ஒரு முழு விளையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், எதில் அசட்டை இருக்கிறது என்பதில் சந்தேகம் வராது.

ஆனால் ஆய்வு என்று பெயர் வைத்துவிட்டாலே கவனம் வந்துவிடாது. மண்ணின் பாக்டீரியாவில் நூற்றுக்கு ஒன்றுகூட வழக்கமான தட்டில் வளர்வதில்லை என்று நெடுநாளாகக் கணித்து வந்தார்கள். வளர்க்காமலே அடையாளம் காண வழிவிட்டது மரபணு வாசிப்பு. பாக்டீரியா எல்லாவற்றிலும் இருக்கிற 16எஸ் என்ற மரபணுவைப் பிடித்து, படியெடுத்து, எழுத்து வரிசையைப் படித்து, யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் போடுவதுதான் இன்று பரவலான, மலிவான முறை. மாணவர் திட்டங்கள் பலவும் இதிலிருந்தே தொடங்குகின்றன. இதில் ஒரு பொறி இருக்கிறது. 16எஸ் பட்டியலில் பூஞ்சை வராது. பூஞ்சைக்கு வேறு மரபணுப் பகுதியைத் தேட வேண்டும், அதற்கு வேறு வேதிப்பொருள் வாங்க வேண்டும். தொலைவில் உள்ள ஏதோ ஓர் ஆய்வகம் ஒரே மாதிரிப் பெட்டிகளை ஊர் ஊருக்கு அனுப்பி, காரக்கோணத்து மாணவர்களும் சொன்னபடி மண்ணை அள்ளித் திருப்பி அனுப்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கணக்கான பெயர்கள் வண்ண வண்ணப் படமாக வந்து சேரும். மரச்சீனிக்கு மிக வேண்டிய உயிர் மட்டும் அந்தப் படத்தில் இருக்காது. இல்லாததை எவரும் தேடவும் மாட்டார்கள். முறையைத் தேர்ந்தெடுக்கிறவர்தான் எந்த உயிர் கண்ணில் படலாம், எது படக்கூடாது என்று தீர்ப்பெழுதுகிறார். அந்தத் தீர்ப்பில் மண்ணை அறிந்தவருக்குப் பங்கில்லை என்றால், குருட்டுத்தனம் ஒரு படி மேலே போய் உட்கார்ந்துகொண்டது என்றுதான் பொருள். கூட்டாய்வு என்ற சொல்லை நான் இங்கேதான் உரசிப் பார்ப்பேன். மாணவர் மண்ணை அள்ளினாரா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. ‘எங்கள் ஊரில் கிழங்குதான் விளைகிறது, பூஞ்சையைப் பார்க்க வேண்டாமா’ என்று கேட்க அவருக்கு இடமிருந்ததா என்பதே கேள்வி.

அறியும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அருவிப்புறத்தில் நடந்ததன் உள்ளீடே அதுதான். பிரதிஷ்டை செய்யப் பிறப்பால் தகுதி உள்ளவர் சிலரே என்று இருந்த காலத்தில், அந்தத் தகுதிப் பட்டியலில் இல்லாத ஒருவர் ஆற்றுக்குள் இறங்கி ஒரு கல்லை எடுத்து வந்தார். கல்லில் குறையில்லை, மந்திரத்தில் குறையில்லை. குறை என்று சொல்லப்பட்டது அந்தக் கைகளில். அறிவியலுக்குச் சாதி கிடையாது என்று புத்தகம் சொல்லும். நடைமுறையில் அதற்கும் கருவறை உண்டு, வெளிப்பிரகாரம் உண்டு; பள்ளி மாணவர்களும் சிற்றூர்க் கல்லூரி ஆசிரியர்களும் பிரகாரத்தில் நின்று கைகூப்புகிறவர்களாகவே நினைக்கப்படுகிறார்கள். இதை உடைத்த முயற்சிகள் இப்போது கணிசமாக உண்டு. அமெரிக்காவில் ஜோ ஹேண்டல்ஸ்மன் தொடங்கிவைத்த ‘டைனி எர்த்’ திட்டத்தில் கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊர் மண்ணில் புதிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தேடுகிறார்கள். அங்கேயே ‘பயோடிக்ஸ்’ என்ற இன்னொரு கூட்டு, பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே உள்ள சிறு கல்லூரிகளின் ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு மண்ணின் மரபணுவைப் படிக்கிறது. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களை மண்ணில் தேடும் மாணவர் திட்டங்களும் உண்டு. அப்படித் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி 2010-இல் அழுகிய கத்தரிக்காயின் அடிப்புறத்திலிருந்து எடுத்த ஒரு வைரஸ், பிற்பாடு இங்கிலாந்தில் எந்த மருந்துக்கும் அடங்காத தொற்றோடு கிடந்த ஒரு சிறுமியின் சிகிச்சையில் பயன்பட்டது. 2019-இல் அந்தச் செய்தி வெளிவந்தது. நம் நாட்டில் சி.எஸ்.ஐ.ஆர். நடத்திய திறந்தமுறை மருந்துத் தேடலில் 2010 வாக்கில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் இணையம் வழியே சேர்ந்து, காசநோய்க் கிருமியின் ஏறத்தாழ 4,000 மரபணுக்களுக்குப் பொருள் குறித்தார்கள். தேசிய நுண்ணுயிராகத் தயிரின் லாக்டோபேசில்லஸை 2012-இல் அறிவித்தபோதும், அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் அறிவியல் ரயிலைப் பார்க்க வந்த பிள்ளைகளே.

காசநோய் என்றதும் நினைவுக்கு வர வேண்டிய இன்னொரு கதை இருக்கிறது. இந்தப் பெருமிதத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கும் கதை. காசநோய்க்கு முதன்முதலில் பலித்த மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில், எருவிட்ட வயல் மண்ணிலிருந்து பிரித்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து கிடைத்தது. நிலவறை ஆய்வகத்தில் இரவு பகலாக உட்கார்ந்து அதைப் பிரித்தவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர். 1944-இல் வந்த கட்டுரையில் அவர் பெயர் முதலிலும், எலிசபெத் பூகி என்ற மாணவியின் பெயர் நடுவிலும், ஆசிரியர் செல்மன் வாக்ஸ்மன் பெயர் கடைசியிலும் இருந்தன. காப்புரிமைக்குப் போனபோது பூகியின் பெயர் இல்லை. புகழும் பணமும் சேரத் தொடங்கியபோது ஷாட்ஸின் பெயரும் மங்கியது. அவர் 1950-இல் தன் ஆசிரியர் மேலேயே வழக்குப் போட்டு இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற ஒப்புதலை வாங்க வேண்டியிருந்தது. 1952-இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும். வாக்ஸ்மன் வில்லனும் இல்லை. மண் நுண்ணுயிர்களில் மருந்து தேடுவது என்ற முறையே அவர் வளர்த்ததுதான். ஆனாலும் குரு என்ற இடத்தின் நிழல் எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இங்கே சிதறால் மலைக்கு ஒருமுறை திரும்பலாம். அந்த மலையின் கல்வெட்டு ஒன்று அரட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கிக் குரத்தியார் பகவதிக்குக் கொடுத்த கொடையைப் பதிவு செய்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஆசிரியர் பெயரும் மாணவியின் பெயரும் ஒரே பாறையில் ஏறின. கொடை கொடுத்தவர் மாணவி என்பதும் மறைக்கப்படவில்லை.

நடைமுறைவாதிகளின் மறுப்பு வேறு வகை. பிள்ளைகள் எடுக்கும் தரவு நம்பத்தக்கதல்ல, செலவு அதிகம், பாடத்தை முடிக்கவே நேரம் இல்லை என்பார்கள். செலவு உண்மைதான், ஒரு மாதிரிக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், அது பள்ளிக்கு எளிதல்ல. ஆனால் இந்த வேலையில் பாதி கணினியில் நடக்கிறது. கட்டற்ற மென்பொருளிலேயே பல்லாண்டுகளாகப் பள்ளிக் கணினிகளை ஓட்டிவரும் மாநிலம் கேரளம். 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ மாணவர் குழுக்களும் இருக்கின்றன. உலகின் களஞ்சியங்களில் ஏற்கெனவே இலவசமாகக் கிடக்கும் தரவிலிருந்தே தொடங்கலாம். நம்பகத்தன்மை பற்றிய மறுப்புக்கு விடை கொஞ்சம் வேடிக்கையானது. மண் எடுக்கும் முறை நம் விவசாயிகளுக்கும் தெரிந்ததுதான்: மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, வி வடிவில் அரையடிக் குழி வெட்டி, ஓரத்தைச் சீவி, விளையின் பல இடங்களிலிருந்து சேர்த்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளித் தள்ளிக் குறைப்பது. ஆய்வகத்தில் இதோடு இன்னொன்று சேர வேண்டும். மண்ணே போடாத ஒரு வெற்றுக் குழாயையும் எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுபோவார்கள். அதிலும் பாக்டீரியா பெயர்கள் வரும். கையிலிருந்து, காற்றிலிருந்து, காசு கொடுத்து வாங்கிய கரைசலிலிருந்தேகூட. பெரிய விஞ்ஞானிகளின் கட்டுரைகளிலும் இந்த அழுக்கு புகுந்து ஏமாற்றியதுண்டு. தன் கையின் அழுக்கைத் தானே அளந்து, முடிவிலிருந்து கழித்துவிட்டுப் பேசு என்று ஒரு பிள்ளைக்குக் கற்றுத்தரும் பாடம் எந்த நீதி போதனை வகுப்பில் இருக்கிறது? நோய்க்கிருமி பயமும் நியாயமானதே. இந்தப் பகுதி மண்ணில் மெலியாய்டோசிஸ் நோயைத் தரும் பாக்டீரியாவும் இருக்கலாம். தெரியாத நுண்ணுயிரைப் பள்ளியில் தட்டில் வளர்ப்பதைவிட, கையுறையோடு மண்ணை எடுத்துச் செல்களை உடனே உடைத்து மரபணுவை மட்டும் படிப்பது பத்திரமானது. கொலை என்று தொடங்கிய அதே படிதான் பிள்ளைக்குக் காப்பாகவும் இருக்கிறது. இந்த முரணை நான் தீர்த்துவைக்க முயலப்போவதில்லை.

எனக்கு மிகக் கனமாகப் படும் மறுப்பு வேறொன்று. ஊர் மண்ணின் எழுத்து வரிசை ஒருமுறை களஞ்சியத்தில் ஏறிவிட்டால், மண்ணே தேவைப்படாமல் உலகின் எந்த நிறுவனமும் அதிலிருந்து பொருளீட்டலாம். மாணவரின் ஆர்வம் யாரோ ஒருவரின் இலாபத்துக்குக் கூலியில்லா உழைப்பாகிவிடாதா? வெற்றுப் பயமென்று இதைத் தள்ள முடியாது. நெய்யாறு பிறக்கும் அகத்தியமலையிலேயே இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1987-இல் மலையேறிய ஆய்வாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிகள் களைப்புத் தெரியாமலிருக்க ஒரு செடியின் காயைத் தின்பதைக் கவனித்தார்கள். அந்த ஆரோக்கியப் பச்சையிலிருந்து பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1990-களின் நடுவில் கோவையின் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் பதிவானது. மரபறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி என்று உலகம் இதைப் புகழ்ந்தது. எல்லாக் காணிக்குடிகளையும் கலந்துகொள்ளவில்லை என்ற மனக்குறையும் கூடவே நின்றது. மண்ணின் விஷயத்தில் சிக்கல் இன்னும் அதிகம். செடியைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்று தெரியும். நூறு கோடி பாக்டீரியாவை யார் காட்டிக்கொடுத்தார்? 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய பல்லுயிர் மாநாடு, மரபணு எழுத்து வரிசையால் வரும் பயனைப் பகிர உலகப் பொது ஏற்பாடு வேண்டும் என்று முடிவெடுத்தது. அது காரக்கோணம் வரை எப்போது எட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 1924-இல் ஆலுவாயில் சர்வமத மாநாடு கூட்டிய நாராயண குரு, வாதாடி வெல்வதற்காக நாம் இங்கே கூடவில்லை, தெரிந்துகொள்ளவும் தெரியப்படுத்தவுமே கூடுகிறோம் என்ற கருத்தை அதன் முகப்பிலேயே வைத்தார். தெரிந்துகொள்வதோடு நின்றுவிடும் ஆய்வு அந்த வாசலைத் தாண்டவில்லை. மண் கொடுத்த விளைக்காரரிடம், அவர் பேசும் தமிழிலோ மலையாளத்திலோ, என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று திரும்பிப் போய்ச் சொல்வது ஆய்வின் இணைப்பு அல்ல. அதுவே ஆய்வின் மறுபாதி. கேரளத்துக்கு இது கைவந்த வழக்கமும்கூட. 1990 வாக்கில் சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் தொண்டர்கள் புவி அறிவியல் ஆய்வு மையத்தோடு சேர்ந்து பஞ்சாயத்து பஞ்சாயத்தாக நிலத்தையும் நீரையும் வரைபடம் போட்டபோது, அந்த வரைபடம் பஞ்சாயத்துக்காகத்தான் போடப்பட்டது.

சமய நம்பிக்கையாளர் ஒருவர் கடைசியாகக் கேட்கலாம்: மண்ணிலிருந்து மனிதனைப் படைத்தார் கடவுள் என்று ஆதியாகமம் படிக்கிற பிள்ளைக்கும், நெற்றியில் மண் இட்டுக்கொள்கிற பிள்ளைக்கும், மண்ணை எழுத்து வரிசையாக்கிக் காட்டினால் மிச்சமிருக்கும் பக்தியும் போய்விடாதா? சோமர்வெல் உடலை அறுத்துப் பார்த்தவர். அதனால் அவருடைய விசுவாசம் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. இதற்கு மேல் இந்த மறுப்புக்கு நேரம் கொடுக்க எனக்கு மனமில்லை. பக்தி போகும் என்று பயப்படுவதைவிட, கவனம் வருமா என்று பார்ப்பதே உருப்படியான வேலை. அதைப் பார்க்க ஓர் எளிய இடமும் இருக்கிறது. மண்ணின் மரபணுத் தரவைக் களஞ்சியத்தில் ஏற்றும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், எடுத்த தேதி ஆகியவை கட்டாயம். பயிர் மாற்றி நட்ட வரலாறு, உழவு முறை, இட்ட உரமும் மருந்தும், நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. அவை விருப்பம் போல, பல சமயம் காலியாகவே விடப்படுபவை. பெரிய ஆய்வகத்தால் அவற்றை நிரப்ப முடியாது, ஏனென்றால் விடை கருவியில் இல்லை. இந்த விளையில் ரப்பர் வைப்பதற்கு முன் என்ன நின்றது, மரச்சீனிக்கு எல்லுப்பொடி (எலும்புத்தூள்) போட்டார்களா, சாம்பல் போட்டார்களா, கோழிச்சாணம் எந்த வருடத்தில் வந்தது, வயலாக இருந்த ஏலாவை மேடாக்கியது யார் என்பதெல்லாம் திண்ணையில் இருக்கும் ஒரு கிழவிக்கோ கிழவருக்கோதான் தெரியும். எல்லைக்கு இருபுறமும் மண் ஒன்றே, வேளாண் துறைகள் மட்டும் 1956 முதல் இரண்டு. பரிந்துரைகள் வேறு, மானியங்கள் வேறு. அந்த வேறுபாடு மண்ணுக்குள் இருப்போரிடம் தெரிகிறதா என்று எந்த ஆய்வகத்துக்கும் கேட்கத் தோன்றாது. காரக்கோணத்து மாணவருக்குத் தோன்றும், ஏனென்றால் அவருடைய அம்மை வீடு எல்லையிலுள்ள பனச்சமூட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கக்கூடும். ஆசிரியர் செய்ய வேண்டியது, காலிக் கட்டங்களோடு படிவத்தை ஏற்ற விடாமல், எழுதுகோலும் தாளும் கொடுத்து அவரை முதலில் அந்தத் திண்ணைக்கு அனுப்புவதுதான்; மண்வெட்டி அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.